ஒன்றரைக் கிலோ

எழுபதுகளின் கடைசியில், பள்ளி திறந்தும் தணியாத ஒரு கோடை. சங்கரன்கோவிலில் எங்கள் தெருக் குழாய் காற்றைத்தான் ஊதியது. இரண்டு தெரு தள்ளியிருந்த அடிபம்புதான் கதி. இரும்பு வாளியின் பிடியில் இரண்டு பேர் கை கொள்ளாது. அதனால் பிடியின் நடுவே ஒரு கயிற்றை முடிந்து, ஒரு முனையை அக்காவும் மறுமுனையை நானும் பிடித்து வருவோம்.

நான் பத்தாம் வகுப்பு. அக்கா பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். கணக்கில் அவள்தான் கெட்டி என்று அம்மாவே சொல்வாள். சொன்ன கையோடு வெங்காயம் உரிக்கவும் அனுப்புவாள். ஆவணியில் அவளை இளையரசனேந்தலில் கட்டிக்கொடுப்பதாக முடிவாகியிருந்தது.

தெருமுனையில் என் வகுப்புப் பையன்கள் நிற்பார்கள்.

"ஏலே, அக்கா தாவணிய விட்ராதல, தொலஞ்சு போயிருவ!"

அவ்வளவுதான், நான் கயிற்றின் கடைசி நுனிவரை விலகிப்போய்த் தெருவின் மறு ஓரத்தில் நடப்பேன்.

"கிட்ட வால. கை அறுக்குது" என்பாள் அக்கா.

எனக்கும்தான் அறுத்தது. அதே தண்ணீர், அதே வாளி, விலகினால் மட்டும் ஏன் கனக்கிறது? அந்த வாரமே பள்ளியில் விசைகளின் இணைகர விதி வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வாளியையும் இரண்டு கயிறுகளையும் வரைந்து, அக்காவை இழுத்து உட்கார வைத்தேன். வாளி இருபது கிலோ. ஒட்டி நடந்தால் ஆளுக்குப் பத்து. கயிறுகள் நூற்றிருபது டிகிரி விரிந்தால் ஆளுக்கு இருபது. இரண்டு பேர் தூக்கியும் ஆளுக்கொரு முழு வாளி! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"சரில, நான் இளையரசனேந்தல்ல ஒரு முனையப் பிடிக்கேன், நீ இங்கன பிடிக்க. அப்போ?"

"அப்போ நூத்தியெம்பது டிகிரி ஆயிரும். அதுல பாதி தொண்ணூறு. கொசைன் தொண்ணூறு பூச்சியம். பூச்சியத்தால வகுக்க முடியாது. எவ்வளவு இழுத்தாலும் வாளி எழும்பாது, கயிறுதான் அறும்."

"அறுந்துருமோ?"

"கட்டாயம்" என்றேன், நூற்றுக்கு நூறு வாங்கிய குரலில். அக்கா எழுந்து, அந்தப் படத்தை அழிக்காமல் சுற்றிப்போய்த்தான் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

ஆவணியில் அவள் கல்யாணமாகிப் போனபிறகு அரை வாளியாகத் தனியே சுமந்தேன். கயிற்றின் இரு முனைகளும் மண்ணில் இழுபட்டு நனைந்து வரும். அவிழ்த்துப் போடலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

தலைத் தீபாவளிக்கு வந்தவள், "மாப்பிள்ள இருக்கும்போது இது என்னட்டி கோலம்?" என்று அம்மா ஏசியதைக் காதில் வாங்காமல் கயிற்றின் தன் முனையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது தோள் இடிக்க ஒட்டி நடந்தாள். தண்ணீர் அலம்பிப் புதுச்சேலையில் விழுந்தது.

"ஏக்கா, கயிறு ஆளுக்கு முப்பது டிகிரி சாஞ்சாலும் பதினொன்றரக் கிலோதான். ஒட்டி வந்தா பத்து. வெறும் ஒன்றரக் கிலோவுக்கா சேலய நனைக்க?"

"நீதானல சொல்லித் தந்த. அந்த ஒன்றரக் கிலோவ நான் எதுக்குச் சும்மா சொமக்கணும்? பேசாம வா."

தெருமுனை வந்தது. பையன்கள் நின்றார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. என் கால்தான் பழக்கத்தில் தானாக விலகியது. கயிறு விறைத்தது. நுனிவரை போய்விட்டேன். 'கிட்ட வால' என்பாள் என்று காத்திருந்தேன். வீடுவரைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாளியை இறக்கியதும் உள்ளங்கையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குக் கனக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படியானால் என் கணக்கு எங்கேயோ தப்பியிருக்க வேண்டும். பட்டாசைக்கூடத் தொடாமல் நோட்டை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.