பேசாத உறுப்பினர்

என் மகன் ஒரு பெண்ணோடு ஊரை விட்டுப் போய்விட்டான். வேறு சாதிப் பெண். அன்றைக்கே என் மனைவியின் தம்பி அரிவாளோடு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை போய்த் தேடிவிட்டு வந்தான். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். மகன் பழைய நம்பரை விட்டுவிட்டான். புது நம்பரை எனக்கும் சொல்லவில்லை. மைத்துனன் அதட்டினால் நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பான். நான் யாரிடமும் நிமிர்ந்து பேசாதவன். அவன் பயம் நியாயம்தான்.

அவன் விட்டுப் போன, கன்னி என்கிற இனத்து வேட்டைநாய் மட்டும் என்னோடு இருந்தது.

உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்தால் போதும் என்றாகிவிட்டது எனக்கு. மிளகாய்க்குக் களை வெட்டும்போது ஒரு யோசனை வந்தது. எந்த ஊரில் இருந்தாலும் அவனால் நாயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. விளாத்திகுளத்துச் செல்போன் கடைக்காரரிடம் போய், கன்னி நாய் வளர்ப்பவர்கள் பேசிக்கொள்கிற குரூப் ஏதும் உண்டா என்று கேட்டேன். இருந்தது. அதில் நம்பர் யாருக்கும் தெரியாது, நாம் வைக்கிற பெயர்தான் தெரியும் என்றார்.

"என்ன பேரு போட அண்ணாச்சி?"

என் பெயர் மட்டும் வேண்டாம் என்றேன். விவசாயிதானே என்று அவரே 'சம்சாரி' என்று போட்டுவிட்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும். அதனால் குரல் பதிவுகளை மட்டும் கேட்டேன். ஒரு மத்தியானம், உண்ணிக்கு மருந்து சொல்லி ஒரு குரல் வந்தது. பெயர் என்னவோ, படம் ஒரு பனைமரம். குரல் என் மகனுடையது. அவன் பேசி முடிக்கும்போது பின்னால் ஒரு பெண், "சோறு ஆறுது, வாங்க" என்றாள். மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பிறகு பனைமரத்தைப் பார்ப்பதே என் வேலையாயிற்று. அது ஆன்லைனில் இருக்கிறது என்று காட்டினால் அன்றைக்குச் சோறு இறங்கும். காட்டாத நாளில் மைத்துனனின் பைக் எங்கே நிற்கிறது என்று தெருவில் தேடுவேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் தம்பிக்குத் தெரிய ஒரு நிமிடம் போதும்.

ஒருநாள் மைத்துனனே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன அத்தான், எப்பப் பாத்தாலும் நாய்ப்படமா பாக்குதீங்க? எங்க அக்காவ இப்படிப் பாத்தா ரெண்டு தோசை கூடச் சுட்டுப் போடுவாளே. கொண்டாங்க பாப்போம்."

போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பனைமரமும் வந்தது. அதன் மேல் விரல் பட்டால் என் மகன் பேசிவிடுவான். "இவனுவளுக்கு வேற சோலி இல்ல" என்று போனை என் மடியில் போட்டான்.

அந்த வாரமே குரூப்பை நடத்துகிறவர் ஓர் அறிவிப்புப் போட்டார். குரூப்பில் வந்த படத்தைப் பார்த்து யாரோ ஒருவருடைய நாயைத் திருடிவிட்டார்களாம். இனிமேல் வாய் திறக்காமல் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரைக் குரலில் சொல்லி, சொந்த நாயின் படமும் போட வேண்டும். இல்லாவிட்டால் நீக்கிவிடுவார்கள்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் பேசினால் குரலை அடையாளம் கண்டு மகன் ஓடிவிடுவான். பேசாவிட்டால் என்னை வெளியே தள்ளிவிடுவார்கள். எப்படியும் அவன் போய்விடுவான்.

மறுபடி செல்போன் கடைக்குப் போனேன்.

"பேசுனாத்தான் என்ன அண்ணாச்சி? ஒங்கள மாப்பிள்ள பாக்கவா வாறாவ?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரே தன் குரலில், "ஊரு எப்போதும்வென்றான் பக்கம், மானாவாரிச் சம்சாரி" என்று பதிவு செய்துகொடுத்தார்.

படம்தான் மிச்சம். எங்கள் ஊரில் வேறு கன்னி நாய் கிடையாது. நாயை வேலிப்பக்கம் திருப்பி நிறுத்தி, முகம் துளியும் தெரியாதபடி பின்னாலிருந்து எடுத்தேன். மனிதனுக்கு முகத்தை மறைத்தால் போதும். நாய்க்கும் அப்படித்தான் என்று நம்பினேன். நாய்க்காரர்கள் முகத்தையா பார்க்கிறார்கள்? வாலையும் காலையும் பார்க்கிறார்கள்.

படம் போனது. குரூப்பை நடத்துகிறவர் கைகூப்பி வரவேற்றார். ஒருவர் வாலைப் புகழ்ந்தார். பிறகு பனைமரத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

"அண்ணாச்சி, வலது பின்னங்கால்ல நகம் வளைஞ்சு சதையில குத்துது பாருங்க. நுனிய மட்டும் வெட்டுங்க. உள்ள ரத்த நரம்பு இருக்கும்."

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது.

"முன்னால நின்னு வெட்டாதீங்க. அதுக்குப் பிடிக்காது. முதுகத் தடவிக்கிட்டே வெட்டுங்க."

என்னை அவன் அண்ணாச்சி என்று கூப்பிட்டான். நான் எழுத்து எழுத்தாகத் தேடி 'சரிங்க தம்பி' என்று அடித்து அனுப்பி முடிப்பதற்குள் பனைமரம் இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம் ஒன்று இருந்தது. கணக்கு நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

நகத்தை அவன் சொன்னபடியே வெட்டினேன். நாய் அசையாமல் நின்றது.

இப்போது நான் அந்தக் குரூப்பில் சரிபார்க்கப்பட்ட உறுப்பினர். யாரும் என்னை நீக்க முடியாது. புதிதாக யாராவது படம் இல்லாமல் சேர்ந்தால் 'ஊர் எது தம்பி, குரலில் சொல்லுங்கள்' என்று அடிக்கிறேன். அனுப்பாமல் அழித்துவிடுகிறேன். நான் கேட்டு, அது அவனாக இருந்தால், போய்விடுவான். கேட்காவிட்டால் அவன்தானா என்று எனக்குத் தெரியப்போவதில்லை.