செவன் அம்மாவும் ஒன்பது ஞானப்பாட்டும்

எங்கள் குமாசி நகரத்தில் அசாஃபோ பக்கம் வந்து, "செவன் அம்மா கடை எது?" என்று கேட்டால் எங்கள் சந்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள். என் கஞ்சிப் பானைக்குப் பின்னால் இருக்கிற நீலத் தகரக் கடையைக் காட்டுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் அச்சியா. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். பதினாலு வருஷமாக அவள் வாசலில்தான் நான் சோளக் கஞ்சியும் தட்டப்பயறு வடையும் விற்கிறேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வாயால் கேட்டதுதான்.

அந்தப் பெயர் அவளுக்கு ஒரு பழைய லேப்டாப்பால் வந்தது. வெளிநாட்டில் யாரோ பயன்படுத்தித் தள்ளிவிட்டது, கப்பலில் திரை உடைந்து வந்தது. சந்தில் எல்லோரும் தூக்கிப் போடச் சொன்னார்கள். அச்சியா வேறு திரை மாட்டி எழுப்பிவிட்டாள். அதன் முகத்தில், உள்ளிருக்கிற பிராசசரின் பெயராக 'ஐ-செவன்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அப்போது இங்கே யாரிடமும் த்ரீக்கும் ஃபைவுக்கும் மேலே கிடையாது. அன்றிலிருந்து அவள் செவன் அம்மா. சனிக்கிழமைதோறும் எங்கள் ஊரில் நடக்கிற சாவுச் சடங்குகளில் பாதிக்கு, இறந்தவர் படம் போட்ட பேனரும் வாழ்க்கைக் கதை வீடியோவும் அந்த லேப்டாப்பில்தான் பிறந்தன. வருஷா வருஷம் வறண்ட காற்று தூசியோடு வந்து போனதும் அதைப் பிரித்து, பிரஷ்ஷால் துடைத்து, பிராசசருக்குப் புதுப் பசை தடவுவாள். மூடியபிறகு அதன்மேல் கை வைத்துக் கண்மூடி ஒரு சின்ன ஜெபம். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

எங்கள் சந்தில் ஒரு நம்பிக்கை. சீட்டில் எண் பெரிசு என்றால் மெஷினும் பெரிசு. விற்கிறவர்களுக்கு அது வசதி, அதனால் யாரும் திருத்தவில்லை. அச்சியாவும்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், யாரும் கேட்கவில்லை. போன கப்பலில் வந்த, தன்னுடையதைப் போலவே பழைய நாலு செவன் லேப்டாப்புகளை, கையிலிருந்த சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிக் கடையில் அடுக்கி வைத்திருந்தாள்.

இந்த நேரத்தில் எங்கள் சபைக்கு ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. பழைய போட்டோக்களையும் மூத்தவர்கள் பேச்சையும் சேர்த்து ஒரு படம் செய்ய வேண்டும், அதற்குச் சபையே ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. மூப்பர் அமோவாதெங் ஒரு காலையில் என்னிடம் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டே அச்சியாவைக் கூப்பிட்டார்.

"அச்சியா, முனைக்கடை போவாடு ஒரு புதுப் பெட்டி காட்டுறான். மேசையில வைக்கிறது. பார்த்தா அதுல த்ரீன்னு ஒட்டியிருக்கு! கர்த்தருடைய வீட்டுக்குப் போயும் போயும் த்ரீயா? உன் கடையில செவன் இருக்கே, அதுல ஒண்ணைக் குடு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "நல்ல எண்ணு பெரியவரே. கர்த்தரே ஏழாம் நாளைத்தானே ஆசீர்வதிச்சார்" என்றேன்.

அச்சியா கையில் பிட்ட வடை அப்படியே நின்றது. "சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு ரெண்டு மெஷினும் வரட்டும், பெரியவரே. பார்த்துட்டு வாங்குங்க" என்றாள்.

அவர் போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, கேட்டதும் குடுக்க வேண்டியதுதானே?"

"அது பொய்யாயிடும், அக்கா."

"நீ எங்கே பொய் சொன்னே? செவன்னுதானே ஒட்டியிருக்கு?"

"ஒட்டியிருக்கிறது நிஜம். அதைப் பார்த்து அவர் நினைக்கிறது பொய். அந்த நினைப்பைத்தானே நான் விக்கிறேன்?" கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தாள். "சபை முன்னாடி இதைச் சொன்னா திங்கட்கிழமை சந்து பூரா தெரிஞ்சிடும். உள்ளே நாலு உட்கார்ந்திருக்கு. என் பேரே அந்தச் சீட்டுதான். பயமா இருக்குக்கா, ஜெபம் பண்ணிக்கோங்க."

பண்ணினேன். ஆனால் அவள் வாயை மூடிக்கொள்ளட்டும் என்றுதான் பண்ணினேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்காமல் விட்டதற்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியம் கோயிலில் இரண்டும் மேசையில் இருந்தன. ஒரு பக்கம் போவாடுவின் த்ரீ பெட்டி. மறுபக்கம் அச்சியாவின் பழைய செவன். இரண்டிலும் ஒரே படம், ஒரே வேலை: வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒரே வீடியோவாகச் சேர்த்து முடிப்பது. அச்சியா இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பொத்தானைத் தட்டிவிட்டாள். பாடகர் குழுத் தலைவி ஃப்ரேமா, "சும்மா ஏன் நிக்கணும்? பாடுங்க" என்றாள்.

இரண்டாம் ஞானப்பாட்டின் மூன்றாம் சரணம் வருமுன் பெட்டி மணியடித்து, முடித்துவிட்டேன் என்றது. லேப்டாப்பில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற கோடு கால்வாசி தாண்டவில்லை. அதன் விசிறி மட்டும் எங்களோடு போட்டி போட்டுக் கத்தியது.

"பொறுங்கப்பா, செவன் அம்மாவுக்கு இன்னும் தொண்டை சூடாகல!" என்றாள் ஃப்ரேமா.

ஐந்தாம் பாட்டு. ஆறாம் பாட்டு. கட்டைக் குரல்காரர்கள் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டார்கள். ஒன்பதாம் பாட்டின் ஆமென் சொல்லும்போதுதான் லேப்டாப் முடித்தது.

மூப்பர் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ செவன் எங்கே போச்சு?"

அச்சியா எழுந்து நின்றாள். "அந்த எண்ணு, அது பிறந்த வருஷத்து வகுப்புல அது வாங்குன மார்க்கு, பெரியவரே. இது நாலாம் தலைமுறை, அந்தப் பெட்டி பன்னெண்டாம் தலைமுறை. நம்ம கஞ்சி அக்கா ஆறாம் வகுப்புல முதல் மாணவி, தெரியுமா?"

நான் தலையை நிமிர்த்தினேன்.

"ஆனா மேல்பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சுப் பொண்ணு போடுற கணக்கை அக்கா போடுவாங்களா?"

கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. "எனக்கு அதை யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன். சிரிப்பு கூரையைத் தொட்டது.

"அதேதான். என் லேப்டாப் மேல தப்பில்லை. அதுக்குள்ள வேலையாளு ரெண்டே பேர். மடி சுடக் கூடாது, பேட்டரி தீரக் கூடாதுன்னு அளந்து சாப்பிடுறவங்க. பெட்டியில நாலு பேர், சுவத்துலேருந்து வயிறு நிறையக் கரண்ட் குடிக்கிறாங்க, தலைக்கு மேல பெரிய விசிறி வேற."

"கரண்ட் போனா?" என்றார் மூப்பர்.

"அந்த நாலு பேரும் அங்கேயே விழுந்துடுவாங்க. என்னுது ரெண்டு மணி நேரம் நிக்கும். அதனால பெட்டியோட தனியா ஒரு பேட்டரியும் சேர்த்து வாங்குங்க."

"நான் சொல்ல வேண்டியதை நீயே சொல்லிட்டியே, அம்மா!" என்றான், பெட்டியோடு வந்திருந்த போவாடு.

மூப்பர் அவளையே பார்த்தார். "உன் கடையில நாலு செவன் கிடக்கு. அது தெரிஞ்சுமா சொன்னே?"

"அது கிடக்கிறதாலதான், பெரியவரே, இன்னைக்கே சொன்னேன். நாளாக நாளாகச் சொல்ல மனசு வந்திருக்காது."

அவர் எழுந்து வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "பெட்டியையே வாங்குவோம். ஆனா சாவி அச்சியா கையில இருக்கும். அவ சொல்லாம யாரும் தொடக் கூடாது" என்றார்.

திங்கட்கிழமை சந்தே அவள் வாசலில் சண்டைக்கு வந்தது. "உன் வாயால எங்க செவன் எல்லாம் செத்துப்போச்சு!" என்றான் ஒரு கடைக்காரன். "சாகலை தம்பி. வயசைச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள். அன்றைக்கே நாலு லேப்டாப்புகளின் முன்னாலும் அட்டை வைத்தாள். பிறந்த வருஷம். எழுத்து வேலைக்கும் பாட்டுக் கேட்கவும் போதும். வீடியோ வேலைக்கு வேண்டாம்.

இரண்டு வாரம் ஒன்றும் நகரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க என்னால்தான் முடியவில்லை. மூன்றாம் வாரம் ஒரு தலைமை ஆசிரியை, கேள்வித்தாள் அடிக்க மெஷின் தேடி எல்லாக் கடையும் ஏறி இறங்கி வந்தார். அட்டையை இரண்டு தரம் படித்தார். "'வேண்டாம்'னு எழுதி வச்சிருக்கிற கடை இது ஒண்ணுதான்" என்று சொல்லி நாலையும் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது வேறு தெருக்களில் மெஷின் வாங்குகிறவர்களும் சீட்டின் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு முதலில் இங்கே வருகிறார்கள். போவாடு கடையிலேயே, "செவன் அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறார்களாம். பெயர் போகவில்லை. பழைய லேப்டாப்பும் போகவில்லை. அவள் மேசையில் அதே சீட்டோடு இருக்கிறது.

நானும் அவளிடம் ஓர் அட்டை எழுதி வாங்கி என் வடைத் தட்டில் சொருகியிருக்கிறேன்: 'எட்டு மணி வரை மொறுமொறு. அதற்குமேல் வேண்டாம்.' ஏழரைக்கெல்லாம் தட்டு காலியாகிவிடுகிறது.