கொக்கி மாற்றாத காலை

சாமான்களை வாடகைக்கு விடுவது என் தொழில். பெருமாட்டியில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் சக்கரம் வைத்த ஜெனரேட்டர் ஒன்றும், கான்கிரீட் மிக்சர் ஒன்றும், பந்தல் கம்பி ஏற்றும் டிரெய்லர் ஒன்றும் நிற்கும். முன்பெல்லாம் இவற்றை இழுத்துப் போக டிராக்டர்காரரின் தயவை எதிர்பார்த்துக் காத்திருப்பேன். பிக்கப் வாங்கியதும், பின்னால் ஒரு கொக்கியை வைத்துவிட்டால் மூன்றையும் நானே இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நல்லேப்பிள்ளியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரைக் கூப்பிட்டேன். என்னைவிட இளையவர், அளந்து பேசுகிறவர். கொட்டகைக்கு வந்து மூன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றும் என்ன எடை என்று கேட்டார். எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாக ஏதோ சொன்னேன். அவர் அதை ஏற்காமல் ஜெனரேட்டரை எடைமேடைக்கே கொண்டுபோக வைத்தார். நான் சொன்னதைவிட எவ்வளவோ கூடுதலாக இருந்தது. பம்பரிலேயே ஒரு கொக்கியை வைத்து வெல்டிங் பண்ணிவிடுங்கள் என்றேன். பம்பர் தாங்காது, சேசிஸில்தான் போல்ட் போட வேண்டும் என்றார்.

"மூணுக்கும் ஒரே கொக்கி ஆவாதுங்ணா. ஜெனரேட்டரோட வாய் பெருசு, மிக்சரோடது சின்னது. சின்ன உருண்டை மேல பெரிய வாயை வெச்சா உக்காந்த மாதிரிதான் தெரியும். ஒரு குலுக்கல்ல எந்திரிச்சிரும்."

உருண்டை வண்டியில் இருக்கும்; அதைக் கவ்வும் வாய் இழுபடுகிற சாமானில் இருக்கும். வண்டிக்கு அடியில் ஒரு சதுரக் குழாயைப் பொருத்தி, அதில் செருகிக்கொள்ள மூன்று துண்டுகள் செய்து கொடுத்தார். ஒன்றில் பெரிய உருண்டை, ஒன்றில் சின்ன உருண்டை, பந்தல் டிரெய்லருக்காக முளை செருகும் துளை ஒன்றில். குறுக்கே உள்ள ஆணியைத் தட்டிக் கழற்றினால் துண்டை மாற்றிவிடலாம். கொக்கி கழன்றாலும் வண்டியை விட்டுப் போகாமல் இருக்கச் சங்கிலியும் தந்தார். இரண்டு உருண்டைக்கும் வித்தியாசம் நகக்கனம்தான் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு காலையில் மிக்சரைக் கொண்டுபோய் ஒரு கட்டடத்தில் விட்டுவிட்டு வந்தேன். அடுத்து ஜெனரேட்டரைக் கோபாலபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மண்டபத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. குறுக்கு ஆணியில் சேறு இறுகிக் கிடந்தது. இரண்டு தட்டு தட்டினேன், அசையவில்லை. சரி, மிக்சருக்குப் போட்ட சின்ன உருண்டையிலேயே மாட்டுவோம் என்று ஜெனரேட்டரின் வாயை அதன் மேல் இறக்கினேன். பூட்டும் விழுந்தது. ஆட்டிப் பார்த்தபோது உள்ளே கடகடவென்று சத்தம். கேட்டது. கேட்காத மாதிரி வண்டியில் ஏறினேன். சங்கிலி சீட்டுக்கு அடியில் கிடந்தது.

கால்வாய்ப் பாலம் தாண்டியதும் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியபோது வண்டி சட்டென்று லேசானது. கண்ணாடியில் பார்த்தால், ஜெனரேட்டர் மூக்கால் ரோட்டை உழுதபடி எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிரே சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன ஒரு அக்கா ஸ்கூட்டரை ஒடித்துத் திருப்பி விழுந்தார். ஜெனரேட்டர் ஒரு தென்னையில் முட்டி நின்றது. அவர் மேல் அது படவில்லை. ஆனால் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பால் ரோடெல்லாம் ஓடியது.

கூட்டம் கூடியது. என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. "புதுக் கொக்கிங்க. பட்டறைக்காரர் சரியாப் பண்ணலைங்க" என்றேன். வாயில் அப்படித் தயாராக இருந்தது அந்த வாக்கியம். யாரும் குனிந்து உருண்டையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரியில் அந்த அக்காவின் வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னேன். அன்று மாலை பட்டறை எதிரே உள்ள டீக்கடையில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்திருந்தது.

மறுநாள் அந்த வீட்டுக்காரர் பட்டறைக்குப் போய்க் கத்தியிருக்கிறார். அதைக் கேட்டுப் பட்டறைக்காரர் நேராக என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, செருகியிருந்த துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெரிய உருண்டை எங்கீங்ணா?" என்றார்.

கொட்டகையில் இருக்கிறது என்றேன். எழுந்து போய் அவரே எடுத்து வந்தார். சேற்றைச் சுரண்டி ஆணியைக் கழற்றி, துண்டை மாற்றிச் செருகினார். சங்கிலியைக் கேட்டு வாங்கி அதன் வளையத்தில் மாட்டினார். என் மனைவி, "ரிப்பேருங்களா?" என்று கேட்டதற்கு, "ஆமாங்க, சின்ன வேலைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

நாலு நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கி மாற்றாதது, சங்கிலி மாட்டாதது, சத்தம் கேட்டும் கிளம்பியது.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகுது? எங்கூட்டுக்காரர் அந்தப் பட்டறைல போயி பேசக்கூடாததெல்லாம் பேசிட்டு வந்துட்டாரு. அவரை நானே அனுப்பிச்சு மன்னிப்புக் கேக்க வெச்சுக்கறேன். நீங்க எங்க சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க" என்றார்.

நேராக டீக்கடைக்குப் போனேன். அதே ஆட்கள் இருந்தார்கள். பட்டறைக்காரரும் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வழி முழுக்க மனதில் ஓட்டிப் பார்த்த வார்த்தைகள் இருந்தன. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு: "அன்னைக்கு எங்கிட்டயும் கொஞ்சம் தப்பு இருந்ததுங்க."

எங்கிட்டயும். கொஞ்சம். அந்த இரண்டு சொற்களால் பாதிப் பழியை அவர் தலையிலேயே விட்டுவைத்தேன். வண்டின்னா அப்படித்தான் என்று யாரோ எனக்கு ஆறுதல் சொன்னார்கள். திருத்திச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பட்டறைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த அக்காவின் கை கூடிவிட்டது. இப்போது அவர் மகள் பால் கொண்டுபோகிறாள். போன மாதம் டிரெய்லரின் அச்சு வளைந்தபோது கோபாலபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சரி பண்ணினேன். நல்லேப்பிள்ளிப் பட்டறை பக்கத்தில்தானே இருக்கிறது, எதற்கு அவ்வளவு தூரம் என்று மனைவி கேட்டாள். அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தது என்றேன். எந்த வேலையும் இல்லை.