எட்டுச் சக்கரக் கவச வண்டியை மிதக்க வைக்க மாண்ட்ரியலில் ஆறு வாரம்

மாண்ட்ரியலுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு கவச வண்டி தண்ணீரில் மிதக்குமா மூழ்குமா என்று கணக்குப் போடப் போனேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செப்டம்பர் கடைசி. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கப்பல் வடிவமைப்பு படித்துவிட்டு, சென்னையில் ஒரு சின்ன அலுவலகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். என் முதலாளியின் கல்லூரி நண்பர் ஒருவர் மாண்ட்ரியலின் லஷீன் பகுதியில், தரையிலும் தண்ணீரிலும் ஓடும் ராணுவ வண்டிகளைச் செய்து வெளிநாடுகளுக்கு விற்கும் தொழிற்சாலையில் இருந்தார். வாங்க வந்த ஒரு நாடு, பக்கவாட்டில் கூடுதல் கவசத் தகடு வேண்டும் என்று கேட்டிருந்தது. அவர்களுடைய மிதப்புக் கணக்குக்காரர் வேலையை விட்டுப் போயிருந்தார். நான் போனேன். அனுமதிக் காகிதங்கள் வரவே நான்கு மாதம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னை, பம்பாய், லண்டன், மிராபெல். அப்போதெல்லாம் வெளிநாட்டு விமானங்கள் மிராபெலில்தான் இறங்கும். நகரத்திலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர், சுற்றிலும் வயல். பஸ்ஸுக்குப் பதினான்கரை டாலர், ஒரு மணி பத்து நிமிடம். இப்போது போகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. எல்லாம் நகரத்தை ஒட்டிய டொர்வாலிலேயே இறங்குகிறது.

தங்க இடம் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற குடியிருப்புப் பகுதியில். தொழிற்சாலையில் வெல்டராக இருந்த யோகநாதன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர், தன் வீட்டின் கீழ்த்தள அறையை எனக்குத் தந்தார். மனைவி மதி அக்கா ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள், இருவருக்கும் பிரெஞ்சுதான் முதலில் வரும். என் சென்னைத் தமிழைக் கேட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். முதல் நாள் காலை நான் காபி மட்டும் போதும் என்றதற்கு மதி அக்கா, "வெறும் வயித்தோட குளிருக்க போகாதேங்கோ தங்கச்சி. பிட்டு இருக்கு, சம்பலும் இருக்கு" என்று தட்டை நீட்டினார். ஆறு வாரமும் நான் வெறும் வயிற்றோடு எங்கும் போகவில்லை.

காலை ஆறு பத்துக்கு யோகன் அண்ணையின் பழைய டொயோட்டாவில் கிளம்புவோம். பதினோரு கிலோமீட்டர், இருபது நிமிடம். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மூன்றாம் நாள்தான் கேட்டேன். "அண்ணை, ஊர்ல இதே மாதிரி வண்டியை எல்லாம் பார்த்துட்டு வந்திருப்பீங்க. இந்த வேலை உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

கியரை மாற்றிக்கொண்டே சொன்னார். "ஓம், பாத்தனான். எங்கட ஒழுங்கையால, வீட்டு வாசல் தெருவால வந்தது. நானும் அம்மாவும் கட்டிலுக்குக் கீழ கிடந்தம். அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் தெரியும். இஞ்ச வேலைக்குச் சேரேக்க நான் லூக்கிட்ட ஒண்டுதான் கேட்டனான். எந்த நாட்டுக்குப் போகுது எண்டு எனக்குக் காட்ட வேணும். எங்கட நாடு எண்டால் நான் அண்டைக்கே வேலையை விட்டு நிண்டிடுவன்."

லூக் எங்கள் பட்டறை மேற்பார்வையாளர், உயரமான கியூபெக்காரர். ஒவ்வொரு ஆர்டர் வரும்போதும் அவர் ஏற்றுமதி அனுமதிக் காகிதத்தை எடுத்துவந்து நாட்டின் பெயர் இருக்கும் வரியில் விரல் வைத்துக் காட்டுவாராம். இந்த முறையும் காட்டியிருந்தார். ஆறுகள் நிறைய, பாலங்கள் குறைவாக இருக்கும் ஒரு தூரத்து நாடு.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு டன், எட்டுச் சக்கரம், பின்னால் இரண்டு சின்ன விசிறிகள். தண்ணீரில் இறங்கும்போது முன்னால் ஒரு பலகை நிமிர்ந்து அலையைத் தடுக்கும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் வாத்து போல் போகும். எனக்கு அதை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. எதற்குச் செய்யப்பட்டது என்று தெரிந்தும் பிடித்தது. இதை மறைத்து எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

என் கணக்கு இரண்டாம் வாரம் முடிந்தது. வழக்கமான எடையில் முன்பக்க விளிம்பு தண்ணீருக்கு மேல் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் நிற்கும். தகடுகளை வெல்ட் செய்து ஒட்டினால் பதினான்கு. சரிவில் இறங்கும்போது மூக்கு தாழும், அப்போது அந்தப் பதினான்கும் இருக்காது. விற்பனை மேலாளர் என் தாளைப் பார்த்துவிட்டு, "கணக்கு எப்போதும் கொஞ்சம் பயந்துதான் சொல்லும்" என்றார். லூக் மட்டும், "செய்து பார்ப்போம்" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது, சேன் லூயி ஏரியில் படகு இறக்கும் சரிவு. தகடுகளுக்குப் பதில் அதே எடைக்கு மணல் மூட்டைகள். பின்னால் இழுவை வண்டியோடு இரும்புக் கயிறு. தண்ணீர் ஒன்பது டிகிரி. உள்ளே ஓட்டுநர், கூட யோகன் அண்ணை. வெல்ட் இணைப்புகளில் நீர் கசிகிறதா என்று உள்ளேயிருந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

"நீங்க உள்ள போக வேண்டாம் அண்ணை," என்றேன்.

"என்ர வெல்ட் தங்கச்சி. நான் பாக்காட்டி ஆர் பாக்கிறது?"

"உங்க வெல்ட் மேல சந்தேகம் இல்ல. எடை மேலதான்."

"கயிறு கிடக்குதானே," என்று மேல்வாசல் வழியாக இறங்கிவிட்டார்.

வண்டி சரிவில் இறங்கியது. மூக்கு தாழ்ந்தது, பலகைக்கு மேலே தண்ணீர் ஏறியது. ஏறிய தண்ணீர் இறங்கவில்லை. ஓட்டுநரின் மேல்வாசலுக்குள் பச்சைத் தண்ணீர் அகலமாகப் பாய்வதைப் பார்த்தேன். என் கணக்கு தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று அந்தக் காலையில் ஏங்கினேன். லூக் பிரெஞ்சில் கத்த, இழுவை வண்டி பின்வாங்கியது. வண்டி கரைக்கு வர நான்கு நிமிடம் ஆனது. முதலில் ஓட்டுநர் வெளியே வந்தார். பிறகு இடுப்பு வரை நனைந்த யோகன் அண்ணை. உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்து, "வெல்ட் ஒண்டும் ஒழுகேல்லை," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. லூக் தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டார்.

வாங்குகிற நாட்டின் அதிகாரிகள் வர ஒன்பது நாள்தான் இருந்தது. மதியம் லூக்கின் அறையில் எல்லோரும் கூடினோம். கையில் தேநீர்க் கோப்பையோடு யோகன் அண்ணைதான் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். தகட்டை ஏன் வெல்ட் செய்ய வேண்டும்? போல்ட்டில் மாட்டினால் ஆற்றில் இறங்குமுன் கழற்றலாமே? தாங்கிகளை மட்டும் வெல்ட் செய்தால் போதும். வெல்டர் ஒருவர் தன் வேலையில் பெரும்பங்கு குறைகிற யோசனையைச் சொல்கிறார் என்பது எனக்கு வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

எட்டாம் நாள் தாங்கிகள் தயார். நான்கு பேர் சேர்ந்தால் தகடுகளைக் கழற்ற முப்பத்தைந்து நிமிடம். ஒன்பதாம் நாள் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். தகட்டோடு வண்டி தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற விஷயத்தைக் கடைசியில் சொல்லலாமே என்று விற்பனை மேலாளர் என் காதில் சொன்னார். நான் அதை முதல் வாக்கியமாகச் சொன்னேன். மென்மையாகப் பேசும் மேஜர் ஒருவர் என் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "போன தடவை வேறு ஒரு நாட்டில் வாங்கிய வண்டியோடு இரண்டு பேரை ஆற்றில் இழந்தோம். இதை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை," என்றார்.

தகடு கழற்றிய வண்டி ஏரியில் இறங்கியது. மூக்கு தாழ்ந்து நிமிர்ந்தது. மஞ்சள் மேப்பிள் இலைகளை ஒதுக்கிக்கொண்டு அரை வட்டம் போட்டுத் திரும்பியது. உள்ளேயிருந்து இந்த முறை யோகன் அண்ணை நனையாத ஷூவோடு வந்தார்.

மேஜர் கைகொடுக்க வந்தபோது அண்ணை கேட்டார், "இது ஆற்றில் ஓடவா, ஊருக்குள் ஓடவா?"

மேஜர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளம் வந்தால் ஆட்களை ஏற்றுவோம்," என்றார். பிறகு, "இரண்டிலும்தான்," என்றார்.

அண்ணை கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுக் குலுக்கினார். காரில் போகும்போது, "பொய் சொல்லாத மனுசன்," என்றார். பாலம் தாண்டிய பிறகு, "எங்கட நாடு இல்லை எண்டு சந்தோசமாத்தான் இருந்தனான். ஆனா அங்கயும் ஒரு ஒழுங்கை இருக்கும்தானே," என்றார். ஆர்டர் கையெழுத்தானது. நான் நவம்பர் முதல் வாரம் ஊர் திரும்பி, மீன்பிடிப் படகுகளுக்கே போய்விட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபர் முதல் இரண்டு வாரம்தான் இலைகளின் நிறம் உச்சத்தில் இருக்கும். லஷீன் ஏரிக்கரையில் கால்வாய் வழியே நடந்து போகலாம். காற்று காதை அறுக்கும், தொப்பி கட்டாயம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்துக்கு மாறினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பால், ரொட்டிக்கு மூலைக்கு மூலை டெப்பனர் என்கிற சின்னக் கடை உண்டு. யாழ்ப்பாணத்தார் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு தடவை மறுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பசியோடு திரும்ப வேண்டியதில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் யோகன் அண்ணையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழிற்சாலையை விட்டுவிட்டாராம். சம்பளம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கர்க்லாண்ட் பக்கத்தில் தெருப்பனி தள்ளும் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. லூக் கோபிக்கவில்லை, அவரே சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்தாராம். கடைசிப் பத்தியை அப்படியே எழுதுகிறேன்:

"போன கிழமை நாப்பது சென்டிமீட்டர் பனி. விடிய நான் வெல்ட் பண்ணின பனி தள்ளுற அலகோட ஒரு வண்டி எங்கட தெருவுக்குள்ள வந்தது. பெரிய சத்தம். பிள்ளையள் ரெண்டும் எழும்பி ஓடிவந்து யன்னலில ஏறி நிண்டு டிரைவருக்குக் கை காட்டினவை. அவனும் திருப்பிக் காட்டினான்."