என் குதிகாலை நம்பியவர்

சென்னையில் மராத்தான் ஓடுகிறவர்களுக்கு மலை என்றால் மேம்பாலம்தான். கடற்கரைச் சாலையின் சமதளத்தில் ஓடிப் பழகிவிட்டு, கடைசியில் அடையாறு மேம்பாலத்தைப் பார்த்ததும் பலருக்குச் சாமி நினைப்பு வரும். எனக்கு இட்லி நினைப்பு வந்தது. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டேன்.

உடனே எனக்குப் பின்னால் ஒருவரும் நின்றார். அறுபது வயதிருக்கும். ஒல்லி உடம்பு. இரண்டு முட்டியிலும் பேண்டேஜ் சுற்றியிருந்தார்.

“இன்னா நைனா, நின்னுட்ட?”

“முடியல சார். நீங்க போங்க.”

“நான் எங்க போறது? மேல பாத்தா எனக்குக் காலே வராது. முன்னால போறவன் குதிகாலப் பாத்துக்கினுதான் ஏறுவேன். ஒவ்வொரு வருசமும் அவன் நின்னுட்றான், நானும் இங்கியே நின்னுட்டு வேன்லதான் போறேன். இந்தத் தொப்பைய வச்சிக்கினே இவ்ளோ தூரம் வந்துட்டான், இவன் வுடமாட்டான்னு உன்னப் புடிச்சேன்.”

என்னை நம்பி வீட்டில் பால் பாக்கெட் வாங்கக்கூட அனுப்பமாட்டார்கள். நாலடி நடந்தேன்; அவரும் நடந்தார். அதற்குள் போலீஸ்காரர் சாலையை வண்டிகளுக்குத் திறந்துவிட்டார். கடைசி ஆட்களை அள்ளும் வேன் வந்து நின்றது. இருவரும் ஏறினோம்.

“அடுத்த வருசம் பாத்துக்கலாம் சார்.”

“ஏது அடுத்த வருசம்? முட்டிய மாத்தப் போறாங்கோ. இனிமே ஓடவே கூடாதுன்ட்டாரு டாக்டரு.”

வேன் மீதி ஏற்றத்தில் ஏறியது. அவர் வெளியே பார்க்கவில்லை. குனிந்து என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சி தாண்டும்வரை, உட்கார்ந்தபடியே நான் காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தேன்.