பதினோராவது கட்டம்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், பிணவறைக்கும் துணி வெளுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நீள அறை. அந்த அறையில் இருபத்தாறு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தவரை எல்லாரும் 'கட்டம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

வேலை இதுதான். பெயர் தெரியாமல் வந்து சேரும் ஒவ்வொரு பிணத்துக்கும் ஓர் அட்டை. அட்டையில் பதினான்கு கட்டங்கள்: உயரம், வயது, சட்டை நிறம், பல், கை அடையாளம், கால் அடையாளம் என்று வரிசையாகப் போகும். ஆளைக் காணோம் என்று தேடி வருகிறவர்களுக்கு ஒரு மஞ்சள் தாள். அதிலும் அதே பதினான்கு. தாளையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பொருந்தினால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் தரையில் உட்கார்ந்துவிடும். பொருந்தாவிட்டால் அடுத்த மாதம் திரும்ப வரும்.

"என்ன தரகரே, இன்னிக்கு எத்தனை ஜோடி சேர்ந்துச்சு?" என்பார் வாசல் டீக்கடைக்காரர்.

"ஒண்ணு. பொண்ணு வீட்டுக்காரங்க அழுதுகிட்டே போயிருக்காங்க."

"டீ சூடா போடவா?"

"போடு. இங்க அது ஒண்ணுதான் சூடு."

இப்படிப் பேசுகிறவர் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த அறையில் சிரிக்காமல் இருபத்தாறு வருஷம் ஓட்டியவன் எவனும் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் சிரிக்கத் தெரியாதவர். நாலாவது வருஷமே வேலையை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை வைக்கப் போய்விட்டார்.

கட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தேடுகிறவன் ஒரு வார்த்தை சொல்லி, எழுதியவன் வேறு வார்த்தை எழுதியிருந்தால், இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசினாலும் சந்திக்கவே மாட்டார்கள். இதை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை; எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. தானாகவே கண்டுபிடித்தார். அதனால் வார்த்தைகளைக் கத்தரித்தார். நிறம் என்றால் எட்டுதான். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை எல்லாம் பச்சை. யாராவது 'மயில்கழுத்து நிறம்' என்று வந்தால், "மயிலோட கழுத்துல எந்தப் பக்கம்மா? நீலமா பச்சையா, ஒண்ணு சொல்லுங்க" என்பார். "சிரிச்சா கன்னத்துல குழி விழும் சார்" என்று ஒரு தாய் சொன்னபோது மட்டும் பேனாவைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுக்குக் கட்டம் இல்லம்மா" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

வீட்டிலும் அதே கதை. "என்னங்க ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று மனைவி கேட்டால், "ஒண்ணுமில்ல."

"உங்களுக்குள்ள என்ன ஓடுதுன்னு பாத்துச் சொல்றீங்களா, பாக்காமயே சொல்றீங்களா?"

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. சோத்தைப் போடு."

மேலிடத்தில் சிவப்புப் பேனா அதிகாரி ஒருவர் இருந்தார். அட்டையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். ஒரே மாதத்தில் நாற்பது அட்டை திரும்பியது. விளக்கக் கடிதம் எழுது என்றார்கள், விடுப்பை நிறுத்தினார்கள். அன்றைக்குத்தான் கட்டம் அந்த வழியைக் கண்டுபிடித்தார். காலியாக விடாதே, 'இல்லை' என்று எழுது. மறு மாதத்திலிருந்து ஒரு அட்டையும் திரும்பவில்லை. அதிகாரியே போன் பண்ணிப் பாராட்டினார். மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

பிணவறைக்குள் பார்த்துச் சொல்கிற ஊழியரை எல்லாரும் 'டாக்டர்' என்பார்கள். நிஜ டாக்டர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நிற்பதால் வந்த பட்டம். டாக்டர் உள்ளேயிருந்து கத்துவார், கட்டம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எழுதுவார்.

"பல்லு?"

"மேல ரெண்டு இல்ல."

"கை?"

"இல்ல."

"கையே இல்லையா?"

"அடையாளம் இல்லய்யா! உன்னோட பெரிய ரோதனை."

"கால்?"

"இல்ல. எழுதித் தொலை."

இந்த நேரத்தில்தான் தையல்காரம்மா வர ஆரம்பித்தாள். மாதத்தின் முதல் திங்கள்கிழமை, பத்து மணிக்கு. விரலில் ஊசி குத்திய புள்ளிகளும், தோளில் ஒட்டிய நூலுமாக வந்து நிற்பாள். கணவன் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. காலையில் போனவன் சாயங்காலம் திரும்பவில்லை. கடைசியாகப் பாலத்துப் பக்கம் பார்த்ததாக ஒருவன் சொன்னான். பஸ் நிலையத்தில் பார்த்ததாக இன்னொருவன் சொன்னான். மஞ்சள் தாளில் பதினோராவது கட்டமான கால் அடையாளத்தை மட்டும் அவள் அழுத்தி எழுதச் சொன்னாள்.

"இடது கால்ல ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டியிருக்கும் சார். பொறந்ததுலேருந்து. எம் பொண்ணுக்கும் அப்படியே."

கட்டத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்த மாதிரி அடையாளம் கிடைத்தால் வேலை சுலபம். சட்டை மாறும், தாடி வளரும், விரல் பிரியாது. உடல் அடையாளம் பொருந்தாத அட்டையில் மற்றதைப் பார்க்கவே வேண்டாம் என்பது அவர் வகுத்த விதி. அந்த மாதத்து அட்டைகளை வரிசையாகப் பார்த்தார். பதினோராவது கட்டத்தில் எல்லாவற்றிலும் 'இல்லை'.

"உங்க வீட்டுக்காரர் இங்க வரலம்மா. வந்திருந்தா எங்கிட்ட இருந்திருப்பாரு. அடிச்சுச் சொல்றேன், உசுரோட இருக்காரு."

அவள் அன்றைக்குக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்த வார்த்தையை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தாள் என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. உயிரோடு இருக்கிறவன் வீட்டுக்கு வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? மாமியார் அர்த்தத்தைத் தெருவுக்கே சொன்னாள்: "இவ வாய்க்குப் பயந்து ஓடிட்டான்." நாத்தனார் இன்னொரு பெண்ணைக் கற்பனையாகவே உண்டாக்கி, அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் பெற்றுக் கொடுத்தாள். முதல் இரண்டு வருஷம் தையல்காரம்மா புருஷனுக்காக அழுதாள். அடுத்த நாலு வருஷம் அவனைத் திட்டினாள். மகள் அப்பாவின் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டாள். ஆனாலும் முதல் திங்கள் தவறாமல் ஜன்னலுக்கு வந்து, "இல்லைதானே சார்?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அவர் "இல்லைம்மா" என்பார். ஏதோ மருந்து வாங்கிக்கொண்டு போவது போல அதை வாங்கிக்கொண்டு போவாள்.

ஆறாவது வருஷம் டாக்டர் ஓய்வு பெற்றார். நீள அறையிலேயே பிரிவு உபசாரம். டீ, பிஸ்கட், ஒரு கைக்கடிகாரம். மாலை கழுத்தில் அரிக்க, டாக்டர் கதை விட ஆரம்பித்தார்.

"தண்ணில கிடந்தது வந்துச்சுன்னா நான் பூட்சையே தொட மாட்டேன்ப்பா. ஊறிப்போய்க் காலோட ஒட்டிக்கும். இழுத்தா தோலும் சேர்ந்து வரும். ஒரு தடவை வந்துச்சு. அதோட சரி."

சுற்றி நின்றவர்கள் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள்.

"அப்ப கால் என்னன்னு எப்படிச் சொன்ன?" என்றார் கட்டம்.

"நீ கேப்ப, நான் இல்லம்பேன். நீதானய்யா சொன்ன, காலியா இருக்கக் கூடாதுன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். கட்டமும் சிரித்தார். டீயைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார். கூட்டம் கலைந்ததும் ஆறு வருஷத்துக்கு முந்திய இழுப்பறையைத் திறந்தார்.

அந்த மாதத்தில் தண்ணீரிலிருந்து வந்தவை மூன்று. ஒன்று கிழவர். ஒன்று வெறுங்கால். மூன்றாவதில் காலணி என்ற கட்டத்தில் 'பூட்ஸ்' என்று இருந்தது. கால் அடையாளம்: இல்லை. அவர் கையெழுத்துதான். கடைசி எழுத்துக்கு வால் போட்டு, அழகாக.

ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் ஒரு காகித உறை குத்தியிருக்கும். உள்ளே இறந்தவர் சட்டையிலிருந்து இரண்டு விரல் அகலத் துணி. பதினான்கில் பத்துக் கட்டமாவது பொருந்தினால்தான் உறையைப் பிரிக்க வேண்டும். இந்த உறையை அவர் பிரித்ததில்லை. இப்போது பிரித்தார். காலரின் ஒரு மூலை. அவருக்குத் தெரிந்தது நீலம் என்பது மட்டும்தான்.

வீட்டில் அன்று மனைவி எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். கேட்டு முடித்து அவள், "சொல்லாம விட்டா அந்தப் பொம்பளைக்குத் தெரியவா போகுது?" என்றாள்.

"தெரியாது."

"உங்க வேலைக்கு ஆபத்தா?"

"இருக்கலாம்."

"அப்புறம் ஏன் மொகத்தை இப்படி வெச்சிருக்கீங்க? முடிவு பண்ணிட்டீங்கன்னு தெரியுதே."

முதல் திங்கள். பத்து மணி. தையல்காரம்மா ஜன்னலுக்கு வந்தாள். கட்டம் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்; ஆறு வருஷத்தில் அவளை உள்ளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உக்காருங்கம்மா."

"எதுக்கு சார்?"

துணியை மேஜைமேல் வைத்தார். அவள் நிறத்தைப் பார்க்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். நகத்தால் நூலை ஒரு தடவை நெருடினாள்.

"என் தையல்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"மூலையில ரெண்டு தையல் திரும்பிப் போவேன். வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க. நூலு வீணுன்னு எங்க முதலாளிகூடத் திட்டுவாரு." பிறகு, "எத்தனை நாள் கழிச்சு வந்தாரு இங்க?" என்றாள்.

"நாலு நாள்."

"நாலு நாள்." விரல் விட்டு ஏதோ எண்ணினாள். "நான் மொத தடவை வந்தப்ப உள்ளதான் இருந்திருக்காரு."

அடுத்த கேள்வி என்ன என்று அவருக்குத் தெரியும்.

"விரல் பத்தி அட்டையில என்ன எழுதியிருக்கு?"

"இல்லைன்னு."

"பாத்தீங்களா?"

"பாக்கலம்மா. பூட்சைக் கழட்டவே இல்ல."

"அப்ப பாக்கலன்னு எழுதியிருக்கலாமே சார்."

இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வந்த 'அதுக்குக் கட்டம் இல்லம்மா' நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"எங்க வெச்சிருக்கீங்க அவரை?"

இதுதான் மிச்சம் இருந்தது. பெயர் தெரியாதவர்களைப் புதைக்கும் இடத்தில் எண் போட்ட கட்டை ஐந்து வருஷம்தான் நிற்கும். பிறகு அதே குழியில் வேறு ஆள். போன வருஷம் கட்டையைப் பிடுங்கியாகிவிட்டது. அவர் அதைச் சொன்னார். ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொன்னார்.

தையல்காரம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. "நாலு வருஷமா அந்த மனுஷனை நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு துணியைக் கைக்குள் மடித்தாள். "இதைத் தருவீங்களா?"

துணி கொடுக்கக் கூடாது. அது ஆவணம். ஆனாலும் அவர் சரி என்று தலையாட்டினார். அவள் போன பிறகு, அட்டையின் பதினான்காவது கட்டத்தில் 'துணி உண்டு' என்பதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார். காலி உறைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

அன்று சாயங்காலம் வரை இழுப்பறைகளைத் திறந்துகொண்டே இருந்தார். இல்லை, இல்லை, இல்லை. ஆயிரத்துக்கு மேல் இருந்தது. எது பார்த்து எழுதியது, எது பார்க்காமல் எழுதியது என்று அட்டை சொல்லவில்லை. டாக்டருக்கு போன் பண்ணினார். "எனக்கெங்கய்யா ஞாபகம்? பேரப்புள்ளயப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கேன், விடேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஜன்னலுக்கு ஒருவர் வந்தார். தம்பியைக் காணோமாம், மூன்று வருஷமாக. மஞ்சள் தாளை நிரப்பிக் கொடுத்தார். வலது குதிகாலில் தீக்காயம். கட்டம் எழுந்து போய் அட்டைகளைப் பார்த்தார். எதிலும் தீக்காயம் இல்லை. திரும்பி வந்து நின்றார்.

"என்ன சார், இங்க வரலதானே?"

"தெரியலீங்க."

"அட்டை இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுல இல்லைன்னு போட்டிருக்குல்ல?"

"போட்டிருக்கு."

"அப்புறம் என்ன தெரியல?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரியலன்னு சொல்றதுக்கா உங்களை இங்க உக்கார வெச்சிருக்காங்க? உசுரோட இருக்கானா, செத்துட்டானா? எங்கம்மாவுக்கு நான் போய் என்னத்தைச் சொல்றது?"

கட்டம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார்.

"உள்ள வாங்க," என்றார். "துணியைக் காட்டுறேன். மூணு வருஷத்து உறை முன்னூறு இருக்கு. சாயங்காலம் ஆயிடும்."