பச்சை அடுக்கும் இழுவைப் படகும்

மேடம் அந்தக் கண்ணாடிக் குப்பியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே ஓர் அம்புப் புழு, குருணையளவு இறாலினப் பூச்சி ஒன்றைத் தலையிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்தது. பூச்சியின் கால்கள் வெளியே உதறின.

கொல்கத்தாவில் கடல் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவர் என் மேலதிகாரி. அந்நகரின் டாக்குரியா பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பனிக்காலத்தில், நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தைத் தாண்டினால் கடல் தெளிந்திருக்கும். அங்கே நுண்பாசி, நீரின் நடுவே பாய் விரித்ததுபோல மெல்லிய அடுக்காக நிற்கும். பூச்சிகள் மேலும் கீழுமாக அதை மேயும். பூச்சிகளைப் புழுக்களும் மீன்குஞ்சுகளும் தின்னும். தின்பவை குறைந்தால் பூச்சிகள் பெருகி அடுக்கையே அழித்துவிடும். கொசுவலை போன்ற வலையால் மீன்குஞ்சுகளை வாரும் இழுவைப் படகுகளைப் பற்றி மேடம் அரசுக்கு அறிக்கை கொடுத்திருந்தார். படகுக்காரர்களுக்கு அது தெரிந்துவிட்டது.

அந்த அம்புப் புழுவைப் பார்த்த அன்றுதான் ஓர் இழுவைப் படகு நேராக வந்து எங்கள் ஆய்வு லாஞ்சின் விலாவில் மோதியது. நான் விழுந்தேன். அதிலிருந்த இளைஞன் ஒருவன், நாங்கள் குப்பியைக் கட்டிக் கடலுக்குள் இறக்கியிருந்த கம்பியைக் கொக்கியில் மாட்டி இழுத்தான். கம்பியின் மறுமுனை மேடத்தின் வலக்கையில் சுற்றியிருந்தது.

"தீதி, விட்டுடுங்க!" என்று எங்கள் படகோட்டி, அவரை அக்கா என்றழைத்து வங்காளத்தில் கத்தினார். விட முடியவில்லை. கம்பி இறுகியது, எலும்பு முறியும் சத்தம் கேட்டது. இரண்டு விரல்கள் தளத்தில் விழுந்தன. ரத்தம் என் முகத்தில் தெறித்தது.

"குப்பிய மூடுடி மொதல்ல," என்றார் மேடம் என்னிடம். பிறகுதான் அலறினார்.

சில நாள் கழித்து, பிடிபட்ட அந்த இளைஞன் காவல் நிலையத்தில் அவர் காலில் விழுந்தான். முதலாளி சொல்லித்தான் செய்தேன், தீதி என்று அழுதான். குரலுயர்த்திக்கூடப் பேசாத மேடம், இடக்கையால் அவனை அறைந்தார். அவன் உதடு கிழிந்தது. "இப்போ முதலாளி பேரச் சொல்லு," என்றார். அவன் சொல்லவில்லை. அவன் மட்டும் சிறைக்குப் போனான். படகுகள் கடலுக்குப் போயின.

மறு பனிக்காலத்தில் அதே இடத்துக்குப் போனோம். பாசி அடுக்கே இல்லை. குப்பி முழுக்கப் பூச்சிகள். தூரத்தில் இழுவைப் படகின் இயந்திரச் சத்தம் கேட்டது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். மேடம் கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, மீதி விரல்களால் முடிச்சுப் போட்டு, அடுத்த குப்பியைக் கடலில் இறக்கினார்.